ஆள் இல்லாத வீடுகள்

கொழும்பிலிருந்து கப்பலேறி இராமநாதபுரம் பக்கம் வருகிறவர்கள் சாமி கும்பிட வருவார்கள், இல்லையென்றால் பெண் பார்க்க வருவார்கள். நான் வீடு பிரிக்க வந்தேன்.

சொல்லும்போதே நன்றாக இல்லை. ஆனால் பிழைப்பு அது. கொழும்பில் மேசை நாற்காலி செய்து விற்கிற கடையொன்றில் எனக்கு மரம் பார்க்கிற வேலை. ஒரு பலகையை நகத்தால் கீறி மோந்து பார்த்தால் அது எந்தச் சீமை மரம், எவ்வளவு காலம் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். யுத்தத்துக்குப் பிறகு பர்மா தேக்கு கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், பர்மாவோடு வியாபாரம் செய்தவர்கள் அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாகத் தேக்கு இறக்கிக் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கொழும்பில்தான் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசி வீட்டை வாங்கிப் பிரித்துவிட்டால் மரம் நம்முடையது.

முதலாளி முதுகுளத்தூர்க்காரர். எதற்கும் பயப்படாதவர், பாவத்துக்கு மட்டும் பயப்படுவார். இரண்டு சாவிகளை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தா பாரு சண்முகம். ரெண்டும் சும்மா கெடக்குற வீடுன்னுதான் சொல்லிச் சாவி குடுத்திருக்காக. நீ போயி உன் கண்ணால பாரு. ஆளு குடியிருக்குற வீடா இருந்தா ஒரு ஆணியக்கூடப் புடுங்கக் கூடாது. அந்தப் பாவம் என் புள்ளைகளுக்கு வேணாம். ஆள் இல்லைன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அங்கன இருக்குற மேஸ்திரி கடப்பாரையத் தூக்குவான்.”

ஆக, இரண்டு வீடுகளின் ஆயுள் என் கையெழுத்தில் இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்க்காட்டு ஊர். அங்கிருந்து கடல் அரை நாள் நடைதான். ஆனால் நாங்கள் மழையைப் பார்த்துப் பிழைத்தவர்கள், அவர்கள் காற்றைப் பார்த்துப் பிழைத்தவர்கள். பதினாலு வயதில் கொழும்புக்குப் போகும் வரை கடற்கரை ஊர் எதிலும் நான் கால் வைத்ததில்லை. கொழும்பின் சந்து பொந்தெல்லாம் தெரிந்த எனக்குச் சொந்த ஜில்லாவின் கீழக்கரை தெரியாது. இந்தப் பயணத்தில் நான் அந்நிய தேசம் போனேன் என்றால் அது இராமநாதபுரத்தில் இறங்கிய பிறகுதான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. பெட்ரோலுக்கு இன்னும் தட்டுப்பாடு. பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைக் கட்டியிருப்பார்கள். கிளீனர் கைப்பிடியைப் பிடித்து அரை மணி நேரம் சுற்றுவான். கரி கனன்று புகை பிறந்து, அந்தப் புகைக்கு மனசு வந்தால் பஸ் நகரும். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இராமநாதபுரம் பூமியில் ஏற்றமே கிடையாது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு கண்மாய்க்கரையும் ஏற்றம்தான் என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன். தொண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் என் வெள்ளைச் சட்டை, கொல்லன் சட்டை ஆகிவிட்டது.

தொண்டிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. நின்றது என்றால் உயிரை விட்டது. சாம்பலை வாரிக் கொட்டி, அடுப்பு ஆறி, மறுபடி பற்றவைக்க ஒரு மணி நேரமாகும் என்றார் டிரைவர். உச்சி வெயில். நிழலைத் தேடிக் கடல் பக்கமாக நடந்தேன்.

உடைமரங்களுக்கு அப்பால் மணல் கறுப்பாக இருந்தது. கடற்கரை மணல் கறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. குனிந்து அள்ளினேன். கை முழுக்கக் கரித்தூள். எதிரே கூரையில்லாத ஒரு பெரிய கட்டடம், மூன்று சுவர் மட்டும் நின்றது. அதை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு செங்கல் வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. எதற்கும் கதவு இல்லை. ஆனால் பன்னிரண்டு வீட்டின் வாசலும் விளக்குமாற்றுக் கோடு தெரியப் பெருக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த வெயிலிலும் எனக்கு முதுகு சில்லிட்டது.

சுவரோரம் ஒரு பெண்பிள்ளை சல்லடையில் மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை.

“ஏம்மா, இது எந்த ஊரு?”

“ஊரா? இது கரிக்கிட்டங்கி. கப்பலுக்குக் கரி ஏத்துவாக. எங்க அய்யா காலத்துல இங்கன கடையென்ன, கணக்கப்புள்ளையென்ன! கப்பல் வாரது நின்னுச்சு, எல்லாரும் போயிட்டாக. நான் இந்தத் தூளுல கெடக்குற கரியப் பொறுக்கிக் கொல்லம்பட்டறைக்குப் போடுறேன்.”

“இப்ப யாரு இருக்கா இங்கன?”

“ஆரும் இல்ல. ஆள் இல்லாத ஊரு சாமி.”

“நீங்க இருக்கீகளே?”

அவள் சல்லடையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “நான் ஒரு ஆளா?”

“பன்னெண்டு வாசலையும் யாரு பெருக்குறது?”

“நாந்தேன். பெருக்காமப் போட்டா வேற எதுவும் குடிவந்துருமில்ல.”

எது குடிவரும் என்று நான் கேட்கவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தார். இவ்வளவு வேகமாக அடுப்புப் பற்றிக்கொண்டதே என்று அதன்மேல் முதல் முறையாகப் பிரியம் வந்தது.

தொண்டியில் நகரை மீன் குழம்பு சாப்பிட்டேன். கொழும்பில் எதை எடுத்தாலும் தேங்காய்ப்பாலில் முக்கிவிடுவார்கள். இங்கே புளியும் மிளகாயும் நேராக வந்து பேசின. கண்ணில் தண்ணீர் வர வர மூன்று தடவை சோறு வாங்கினேன். கடைக்காரர், “கொழும்புல சோறு போடுறதில்லையா அண்ணே?” என்று கேட்டே விட்டார்.

மறுநாள் காலை தொண்டி வீட்டைத் திறந்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. வௌவால் எச்சமும், ஊறிய சுண்ணாம்பும், அடைபட்ட காற்றும் கலந்தது. கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தது. உள்ளே தேக்குத் தூண்கள் இரண்டு பக்கமும் நின்றன. சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதன்மேல் யாரோ போகும்போது ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வேட்டியை விலக்கினேன். ரசம் உரிந்த கண்ணாடியில் என் முகம் பாதிதான் தெரிந்தது. திரும்பப் போர்த்திவிட்டேன். தூணைக் கீறி மோந்தேன். அருமையான மரம். ‘ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது உண்மை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அதற்கு மறுநாள் கீழக்கரை. கப்பலேறிப் போய்த் திரும்பாத தம்பியின் வீடு என்று சொல்லித்தான் கொழும்பில் அண்ணன்காரர் அந்தச் சாவியைக் கொடுத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டியிருந்தது. கொழும்பில் அந்த நேரத்துக்குத் தெருவில் காலை வைக்க இடம் இருக்காது. இங்கே தெரு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள், தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. நடக்க நடக்க என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னாலேயே வந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். சுவர்களுக்குப் பின்னால் பேச்சுச் சத்தமோ வளையல் சத்தமோ கேட்ட மாதிரி இருக்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும்.

முக்கில் ஒரு மிட்டாய்க் கடை. கடைக்காரர் தொதல் கிண்டி இறக்கிக்கொண்டிருந்தார். கறுத்துப் பளபளத்த அந்த அல்வாவில் ஒரு விள்ளல் கொடுத்தார். தேங்காய்ப்பாலைத் திட்டிய வாயாலேயே சப்புக்கொட்டித் தின்றேன். பிறகு வீட்டை விசாரித்தேன்.

“பெரிய பூட்டு தொங்குற வீடா? அந்தா, நேரா போங்க.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த முன்வாசல் தொறந்து ஏழு வருஷமாச்சு.”

“வீட்டுக்கு யாரும் வந்து போறாகளா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆம்பளையாளுக யாரும் இல்லீங்க” என்றார்.

அது போதும் என்று நினைத்தேன். பூட்டு உள்ளங்கை அகலம் இருந்தது. துரு ஏறிச் சிவந்து, தொட்டால் பொடி உதிர்ந்தது. சாவி நுழையவே மறுத்தது. பூட்டைப் பார்த்துத் திரும்புகிற ஆள் நானா? மிட்டாய்க் கடையில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து ஊற்றி, ஊறவிட்டு, ஆட்டி, மறுபடி ஊற்றினேன். கடைக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி போராட்டத்துக்குப் பிறகு பூட்டு ‘களுக்’ என்று வாயைத் திறந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே முன்கூடம். தரையில் புழுதி கணுக்கால் வரை இருந்தது. என் கால்தடம் தவிர அதில் ஒரு சுவடு இல்லை. எதிரே இரண்டாம் கட்டுக்குப் போகும் கதவு, அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பூவேலை செய்த பர்மா தேக்கு. அந்த மாதிரி மரத்தை நான் கனவில்தான் பார்த்திருக்கிறேன். வழக்கம் போல மண்டியிட்டு அடிச்சட்டத்தைக் கீறி மூக்கை வைத்தேன்.

சட்டம் ஈரமாக இருந்தது.

கதவின் அடியிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. ஆள் இல்லாத வீட்டு வாசனை அங்கே இல்லவே இல்லை. எழுந்து, “உள்ள யாரும் இருக்கீகளா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

உள்ளே கதவுச் சங்கிலி ஆடியது. மூன்று தட்டு. டக், டக், டக்.

“யாரு?” என்றேன்.

மறுபடி மூன்று தட்டு. அவ்வளவுதான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

வெளியே வந்து, பூட்டை மாட்டிவிட்டு, வீட்டைச் சுற்ற வழி உண்டா என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தது. பின்தெருவுக்குப் போனேன். பின்சுவரில் வாசலே இல்லை. முன்பூட்டு ஏழு வருஷத்துத் துரு. வேறு வழி கிடையாது. அப்படியானால் உள்ளே சங்கிலியை ஆட்டியது எது? பன்னிரண்டு வாசலையும் பெருக்கிய கரிக்காரியின் பேச்சு ஞாபகம் வந்தது. மிட்டாய்க் கடையில் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் இராமநாதபுரத்தில் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். எழுதப் போகும்போது கை நின்றது. சத்தம் கேட்டது என்று எழுதினால் முதலாளி சிரிப்பார். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். மரம் பார்க்கப் போனவன் பேய் பார்த்து வந்தான் என்று பேர் நிலைத்துவிடும். ‘ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாடசாமி மேஸ்திரியிடம் அந்தக் காகிதத்தையும் சாவியையும் கொடுத்தேன். அவர் வெள்ளிக்கிழமை காலையில் நாலு ஆளோடு கீழக்கரைக்குப் போவதாகச் சொன்னார். வாசக்கதவு இரண்டையும் முதலில் கழற்றிவிடுவாராம், அதில்தான் நல்ல மரம்.

கொழும்புக்குப் போகிற எங்களைப் போன்றவர்களை மண்டபம் முகாமில் சில நாள் வைத்து, அம்மை, பேதி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். நேரத்துக்கு மணியடித்துச் சோறு போடுவார்கள். வரிசையில் நின்று நாக்கை நீட்ட வேண்டும். வேறு வேலை கிடையாது. வேலை இல்லாத இடத்தில் கதைதானே ஓடும். வியாழக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் பத்துப் பேர் கூடியிருந்தோம். என் கீழக்கரைக் கதையை எடுத்துவிட்டேன். நடந்ததைவிடக் கொஞ்சம் கூடவே பேயைக் கலந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. அபூபக்கர் என்று பெயர், கொழும்பில் குடைக் கடை வைத்திருக்கிற கீழக்கரைக்காரர். காய்ச்சலோடு போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, சங்கிலி எத்தன தட்டு?”

“மூணு.”

“நீங்க கேட்டப்பெல்லாம் மூணுதானா?”

“ஆமா பாய். மூணு மூணுதான்.”

அவர் போர்வையை விலக்கினார். “அது பேயுமில்ல ஒண்ணுமில்லண்ணே. எங்க ஊர்ல பொம்பளையாளுக அன்னிய ஆம்பளைக்குக் கொரல் குடுக்க மாட்டாக. ஆம்பள இல்லாத நேரத்துல யாராச்சும் வந்தா சங்கிலியத் தட்டுவாக. ஒரு தட்டுன்னா, கேட்டுச்சு, நீங்க போகலாம்னு அர்த்தம். மூணு தட்டுன்னா, உள்ள பொம்பளையாளு இருக்கு, வராதீகன்னு அர்த்தம்.”

“வாசலே இல்லையே பாய்? பின்னாலயும் சுத்திப் பார்த்தேனே?”

“தெருவுல எறங்காமப் போக வர, வீட்டுக்கு வீடு உள்ளுக்குள்ளயே கதவு வச்சிருக்கோம். இந்த முக்குல நொழைஞ்சா அந்த முக்குல வரலாம். அது மைமூன் ராத்தா வீடு. எனக்கு அக்கா மொறை. மச்சான் சண்டைக்கு முன்னால ரங்கூனுக்குப் போனவரு, உயிரோட இருக்காரா மவுத்தாயிட்டாரான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். ராத்தா அந்த வீட்டுலதான் இருக்காக. அடுத்த வீடு அவுக உம்மா வீடு.”

“அவரோட அண்ணன்காரர்தானே சாவி குடுத்தாரு, வீடு சும்மா கெடக்குன்னு?”

“அவரு குடுக்குறதுக்கு அது அவரு வீடே இல்லையே! எங்க ஊர்ல கல்யாணத்துல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளதான் வந்து குடியிருப்பாரு.”

“மிட்டாய்க் கடைக்காரர் சொல்லியிருக்கலாமே?”

“ஒரு வீட்டுல பொம்பள தனியா இருக்கான்னு முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட எப்படிண்ணே சொல்லுவாரு? ஆம்பளையாளு இல்லைன்னு சொன்னாருல்ல, அதோட திரும்பியிருக்கணும்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பூட்டைத் தொறந்தீகளா?”

“தொறந்தேன்.”

அவர் போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. தந்தி ஆபீஸ் மூடியாகிவிட்டது. அபூபக்கர் தானும் வருகிறேன் என்று எழுந்தார். காய்ச்சல்காரரை முகாமில் விடவில்லை. நான் என் கப்பல் முறையைக் கைவிட்டுவிட்டு முதல் ரயிலைப் பிடித்தேன். ரயில் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். உள்ளே ஒரு பெண் இரண்டு முறை என்னிடம் பேசியிருக்கிறாள். அவளுடைய பாஷையில் தெளிவாக, மரியாதையாகப் பேசியிருக்கிறாள். நான் ஆள் இல்லை என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

இராமநாதபுரத்தில் மேஸ்திரி அதிகாலையிலேயே மாட்டுவண்டியில் போய்விட்டிருந்தார். கீழக்கரை பஸ்ஸின் அடுப்பு இன்னும் கனியவில்லை. கிளீனரைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியை நானே சுற்றினேன். “ஏலே, அந்த ஐயாவுக்கு என்னாச்சு?” என்று டிரைவர் கிளீனரிடம் கேட்டது காதில் விழுந்தது. ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது பஸ் உயிரை விட்டது. இந்த முறை நிழல் தேடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது நடுப்பகல். ஜும்ஆத் தொழுகை நேரம். ஊரில் ஒரு ஆண்கூட வெளியே இல்லை. மிட்டாய்க் கடை சாத்தியிருந்தது.

ஆனால் தெரு அமைதியாக இல்லை. முதல் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சங்கிலி அடித்தது. மூன்று தட்டு. எதிர் வீட்டில் மூன்று தட்டு. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெருவின் கடைசி வரை இரண்டு பக்கமும் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் சங்கிலிகள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு முகம் இல்லை, ஒரு குரல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் முழுவதும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அர்த்தம் தெரிந்த பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அர்த்தம் தெரிந்ததால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டின் வாசக்கதவுகள் இரண்டும் தெருவில் மல்லாந்து கிடந்தன. வளையத்தில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டாம் கட்டுக் கதவின் முன்னால் உடைத்த தேங்காய், நசுக்கிய எலுமிச்சம்பழம். நாலு ஆளும் வெளிறிப்போய் நின்றார்கள். மேஸ்திரி மட்டும் கடப்பாரையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்திருந்தார்.

“வாங்க சார். இது ஒரு மாதிரியான வீடுன்னு சொல்லவே இல்லையே நீங்க? உள்ள சங்கிலி ஆட்டுது. இப்ப தெருவே ஆட்டுது. தேங்கா ஒடச்சுக் கும்பிட்டாச்சு, இனிமே ஒண்ணும் செய்யாது.”

“கடப்பாரையக் கீழ போடுங்க!” என்று கத்தினேன். “உள்ள ஆள் இருக்கு!”

தெருவில் அத்தனை சங்கிலியும் ஒரே நேரத்தில் நின்றது. அப்படி ஒரு நிசப்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். மிட்டாய்க் கடைக்காரர் தெருவில் கிடந்த கதவையும் என்னையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் உள்ளே வந்து இரண்டாம் கதவுக்குப் பக்கத்தில் நின்று, “ராத்தா, எழுதிக் குடுத்த ஆளு வந்திருக்காரு” என்றார்.

“அம்மா, ஆள் இல்லைன்னு எழுதுனவன் நாந்தான்” என்றேன். “தப்பு என்னுது. இப்பவே கதவ மாட்டிருவோம். ஒரு ஆணி கொறையாது. இனிமே யாரும் வர மாட்டாக.”

பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, குரலே வந்தது. தாழ்ந்த குரல், ஆனால் நடுங்கவில்லை.

“பூட்டைத் தொறந்தது யாரு?”

“நாந்தாம்மா.”

“அது தொறக்காதே. துருவேறிப் போச்சே.”

“எண்ணெய் ஊத்தித் தொறந்தேன்.”

“அது அவுக கையால பூட்டுனது. கப்பலுக்குப் போறப்ப கடைசியாத் தொட்டது அந்தப் பூட்டத்தான். அவுக வந்து தொறக்கட்டும்னு இருந்தோம். எங்க வாப்பா இந்த வீட்டுலதான் மவுத்தானாக. அவுகளைக்கூட இந்த வாசல் வழியா எடுக்கல. உம்மா வீட்டு வழியாத்தான் எடுத்தாக.”

கதவை மாட்டலாம், ஆணி அடிக்கலாம். அந்தப் பூட்டை மறுபடி அவர் பூட்டியதாக ஆக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது. புழுதியில் என் கால்தடத்துக்கு மேல் நின்றுகொண்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

மேஸ்திரியும் ஆட்களும் கதவை மாட்டி முடித்தபோது சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். மேஸ்திரியிடமிருந்து காகிதத்தையும் சாவியையும் திரும்ப வாங்கி, சாவியை மிட்டாய்க் கடைக்காரரிடம் நீட்டினேன், நீங்களே பூட்டுங்கள் என்று. அவர் இரண்டாம் கதவருகே போய்க் கேட்டுவந்து சொன்னார்: “தொறந்தவுகளே பூட்டட்டும்னு சொல்றாக.”

பூட்டினேன். எண்ணெய் போட்ட பூட்டு, சத்தமில்லாமல் விழுந்தது. மூடிய கதவின் மேல் வாயை வைத்து, “அம்மா, இந்தச் சாவிய உள்ள குடுத்துவிடவா?” என்று கேட்டேன்.

அந்தக் கூடத்துக்கு அப்பாலிருந்து குரல் மெலிசாக வந்தது.

“வேணாம். அவுககிட்ட ஒண்ணு இருக்கு.”

பிறகு சங்கிலி ஒரு தடவை தட்டியது. போகலாம்.

கொழும்பில் முதலாளியிடம் அத்தனையும் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கீழக்கரை வீட்டின் அண்ணன்காரர் இரண்டு முறை கடைக்கு வந்து சாவியைக் கேட்டார். கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். விழவில்லை, என் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது. வருஷம் ஒரு முறை பெட்டியைத் துடைத்து வெயிலில் வைக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். நன்றாகத் துரு ஏறிக்கொண்டு வருகிறது. எண்ணெய் போடுவதில்லை.